ஷங்கர்–எஹ்சான்–லாய்: இந்தித் திரையிசையின் மூவர்

ஷங்கர் மகாதேவன், எஹ்சான் நூரானி, லாய் மென்டோன்சா ஆகிய மூவரும் 1990களின் பிற்பகுதியிலிருந்து இந்திப் படங்களுக்குக் கூட்டாக இசையமைத்து வருபவர்கள். இந்தித் திரையுலகுக்கு இரட்டையர் புதிதல்ல. ஹுஸ்ன்லால்–பகத்ராம், ஷங்கர்–ஜெய்கிஷன், லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் என்று அந்த வரிசை நீளமானது. மூவர் கூட்டு அரிது. அது கால் நூற்றாண்டைத் தாண்டியும் பிரியாமல் நிற்பது இன்னும் அரிது.

ஷங்கர் 1967இல் மும்பை செம்பூரில் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் வீணையைத் தொட்டார். கர்நாடக இசையை டி. ஆர். பாலாமணியிடமும், இந்துஸ்தானி சார்ந்த மராத்தி இசையை ஸ்ரீநிவாஸ் களேயிடமும் கற்றார். படித்தது கணினிப் பொறியியல். சில காலம் மென்பொருள் நிறுவனத்தில் வேலையும் பார்த்தார். எஹ்சான் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் கிதார் பயின்று திரும்பியவர். அவருடைய நாடி ப்ளூஸ். லாய் மேற்கத்திய செவ்வியல் பியானோவில் தேறியவர். தில்லியில் நாடக மேடைக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் இசையமைத்துவிட்டு மும்பைக்கு வந்தார்.

இந்த மூன்று பின்னணிகளையும் கூட்டினால் இவர்களின் இசை கிடைத்துவிடும் என்று பலரும் எழுதுவதுண்டு. ஷங்கர் ராகம் தருவார், எஹ்சான் ராக் தருவார், லாய் கோர்டுகளை அடுக்குவார் என்பது வசதியான விளக்கம்தான். ஆனால் மூவருக்கும் பொதுவாக இருந்த பள்ளி விளம்பர ஜிங்கிள். முப்பது வினாடிக்குள் ஒரு மெட்டு மனத்தில் ஒட்ட வேண்டும். காலையில் கஜல், மாலையில் ஜாஸ் என்று கேட்டதைக் கேட்ட மாதிரி கொடுக்க வேண்டும். ஒலிப்பதிவு துல்லியமாக இருக்க வேண்டும். இவர்களின் பாடல்களில் தென்படும் சிக்கனம் சபா மேடையில் கற்றதல்ல. மும்பையின் ஜிங்கிள் ஸ்டூடியோக்களில் கற்றது.

முதல் வாய்ப்பு முகுல் ஆனந்த் இயக்கிய ‘தஸ்’. 1997 செப்டம்பரில் இயக்குநர் இறந்துவிட, படம் பாதியில் நின்றது. பாடல்கள் மட்டும் 1999இல் வெளிவந்தன. அதிலிருந்த தேசபக்திப் பாடல் ஒன்று படமே இல்லாமல் பள்ளி விழாக்கள்வரை போய்ச் சேர்ந்தது. இடையில் 1998இல் ஜாவேத் அக்தரின் வரிகளுக்கு ஷங்கர் மெட்டமைத்துப் பாடிய ‘ப்ரெத்லெஸ்’ ஆல்பம் வந்தது. மூச்சு விட இடமே இல்லாததுபோல் ஓடும் அதன் தலைப்புப் பாடல், அவர் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. 2000இல் வந்த ‘மிஷன் காஷ்மீர்’ படத்தில் காஷ்மீரிப் பாடல் மரபைக் கையாண்டார்கள். திரையுலகம் மூவரையும் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

திருப்பம் 2001இன் ‘தில் சாஹ்தா ஹை’. இயக்குநராக ஃபர்ஹான் அக்தருக்கு அது முதல் படம். நகரத்து இளைஞர்கள் பேசுவதுபோலவே பாடவும் வேண்டும் என்பது படத்தின் தேவை. டோலக்கும் வயலின் கூட்டமும் நிறைந்திருந்த அன்றைய வழக்கத்தை விட்டு, கிதாரையும் வெற்றிடத்தையும் முன்னே வைத்தார்கள். ஆனாலும் அதை வெறும் மேற்கத்திய ஆல்பம் என்று ஒதுக்க முடியாது. நம் சீனிவாஸ் பாடிய பாடலையும் சோனு நிகம் பாடிய தனிமைப் பாடலையும் கேட்டால் சேர்க்கை எங்கே நிகழ்கிறது என்று தெரியும். அடியில் ஓடும் கோர்டுகள் மேற்கத்தியவை. மேலே குரல் வளைந்து இழையும் இடங்கள் இந்தியப் பாடாந்தரத்தைச் சேர்ந்தவை. தபலாவையும் டிரம்ஸையும் அருகருகே நிறுத்திவிட்டு அதையே கலப்பிசை என்று சொல்லும் சுலப வழியை இவர்கள் பெரும்பாலும் எடுக்கவில்லை. மரபு குரலுக்குள் இருக்கும், நவீனம் அதைச் சுற்றி இருக்கும். அந்தச் சுலப வழியை எடுக்காமலேயே இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது; அவசரத்தில் செய்த சில படங்களில் அதுவும் உண்டு.

‘கல் ஹோ நா ஹோ’ (2003) மூவருக்கும் சிறந்த இசையமைப்புக்கான தேசிய விருதையும் பிலிம்பேர் விருதையும் பெற்றுத் தந்தது. 2005இல் ‘பண்ட்டி அவுர் பப்ளி’. குல்சார் எழுதி, அலிஷா சினாயும் ஷங்கரும் ஜாவேத் அலியும் பாடிய ‘கஜ்ரா ரே’, கவ்வாலியின் கைத்தட்டலையும் வட இந்தியத் தெருக்கூத்தான நௌட்டங்கியின் குறும்பையும் ஒன்றாக்கியது. நகரத்து இசைக்காரர்கள் என்று இவர்கள்மேல் குத்தப்பட்டிருந்த முத்திரை அந்த ஒரு பாட்டில் கலைந்தது. பிலிம்பேர் விருது மறுபடி வந்தது.

அதன் பிறகு ‘தாரே ஜமீன் பர்’ (2007). அம்மாவை நினைத்து ஏங்கும் குழந்தையின் பாடலில் வாத்தியங்கள் ஒதுங்கி நிற்க, ஷங்கரின் குரல் ஏறக்குறைய தனியாகவே நடக்கிறது. அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. மறு ஆண்டே ‘ராக் ஆன்’ படத்தில் நேர்மாறாகச் செய்தார்கள். தேர்ந்த பின்னணிப் பாடகரைத் தேடாமல், அதில் நடித்த ஃபர்ஹானையே பாட வைத்தார்கள். ராக் குழுவின் கதைக்கு அந்தக் கரகரப்பே பொருந்தியது. ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’வில் (2011) ஸ்பெயினின் ஃபிளமெங்கோ பாணிக்கு மரியா தெல் மார் ஃபெர்னாண்டஸின் குரலை நடிகர்களின் குரல்களோடு சேர்த்தார்கள்.

மரபிசையில் இவர்கள் எதிர்கொண்ட மிகப் பெரிய தேர்வு இந்தியில் அல்ல, மராத்தியில். ‘கட்யார் காள்ஜாத் குஸலி’ புருஷோத்தம் தார்வேகரின் 1967ஆம் ஆண்டு இசை நாடகம். ஜிதேந்திர அபிஷேகி இசையில், வசந்த்ராவ் தேஷ்பாண்டேயின் குரலில் மராத்தியர்களுக்கு மனப்பாடமானது. 2015இல் சுபோத் பாவே அதைப் படமாக்கியபோது, பழைய பாடல்களில் சிலவற்றை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றின் பக்கத்தில் புதிய மெட்டுகளை நிறுத்த வேண்டியிருந்தது. சிறிது பிசகினாலும் காட்டிக்கொடுக்கும் ஒப்பீடு அது. ஷங்கர் அதில் பண்டிதராக நடித்தும் இருக்கிறார். 2020இல் ஜோத்பூரைக் களமாகக் கொண்ட ‘பந்திஷ் பண்டிட்ஸ்’ இணையத் தொடரின் முதல் பருவத்திலும் கராணா மரபும் பாப் இசையும் மோதும் கதைக்கு இசையமைத்தார்கள்.

தமிழில் கமல்ஹாசனோடு இரண்டு முக்கியப் படங்கள்: ‘ஆளவந்தான்’ (2001), ‘விஸ்வரூபம்’ (2013). பின்னதில் கதக் பாடலுக்கு பிர்ஜு மகராஜ் நடனம் அமைத்தார். அதற்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. பாடகராக ஷங்கர் தமிழருக்கு அதற்கு முன்பே அறிமுகமாகிவிட்டார். ஏ. ஆர். ரகுமான் இசையில் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்துக்காகப் பாடியதுதான் அவருக்கு முதல் தேசிய விருதைத் தந்தது.

மூவரும் தனித்தனியாகவும் இயங்குகிறார்கள். ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன் ஆகியோரின் ‘சக்தி’ குழுவில் ஷங்கர் பாடிய ‘திஸ் மொமென்ட்’ ஆல்பம் 2024இல் கிராமி விருது பெற்றது. எஹ்சானை ப்ளூஸ் மேடைகளில் பார்க்கலாம். ஆனால் கூட்டாகச் செய்யும் படங்களில், ஒரே படத்துக்கு ஐந்தாறு இசையமைப்பாளர்கள் ஆளுக்கொரு பாட்டுத் தரும் இந்நாளைய வழக்கத்துக்கு இவர்கள் பெரிதாக இணங்கவில்லை. 2019இல் ‘சாஹோ’ படத்தில் மற்றவர்களின் பாடல்களும் சேர்க்கப்பட்டபோது விலகிக்கொண்டார்கள். அந்தப் பிடிவாதத்தால் படங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். குல்சாரோடு ‘சாம் பகதூர்’ (2023), அமீர் கானோடு ‘சிதாரே ஜமீன் பர்’ (2025) என, படம் முழுவதையும் தங்களிடமே விடுபவர்களோடு தொடர்ந்து வேலை செய்கிறார்கள்.