புழுங்கலரிசியும் மூளை நலமும்

பூசைக்கும் பொங்கலுக்கும் பச்சரிசி, அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசி என்பது பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். கடல் கடந்து சென்ற தொழிலாளரும் இவ்வழக்கத்தை விடவில்லை. மலாயாவில் அவர்களுடைய நரம்பையும் மூளையையும் இந்த அரிசியே காத்து நின்றது என்பது அன்பர்கள் பலர் அறியாத வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் 'பெரிபெரி' என்னும் நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். முதலில் கால் மரத்துப் போகும், பின் நடை தளரும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் நின்றுவிடும். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடம் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதற்குக் காரணம் அரிசியே என்றார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைச் சயாம் அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. ஆனால், வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதினார். அவருடைய நூல் 1907-ல் வெளிவந்தது.

இதனைச் சோதித்துப் பார்த்தவர் டாக்டர் வில்லியம் பிளெட்சர். 1905-ன் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை அவர் இரு பிரிவாக்கினார். 120 பேருக்கு வெள்ளையரிசி. 123 பேருக்குப் புழுங்கலரிசி. இருப்பிடம்தான் காரணமோ என்ற ஐயம் தீர, இடையில் இரு பிரிவினரின் கட்டடங்களையும் மாற்றினார். ஓராண்டு முடிவில் வெள்ளையரிசி உண்டவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் ஒருவரும் இந்நோயால் இறக்கவில்லை. தம் சம்மதம் கேட்கப்படாமலேயே சோதனைக்கு உள்ளான அந்த நோயாளிகளுக்கு மருத்துவ உலகம் பெரிதும் கடமைப்பட்டுள்ளது.

குறை நஞ்சிலன்று, தீட்டுதலில்தான் என்பதை ஜாவாவில் ஐக்மானின் கோழிச் சோதனைகளை ஆராய்ந்த கிரின்ஸ் 1901-லேயே உணர்ந்திருந்தார். மலாயாவில் பிரேசரும் ஸ்டாண்டனும் 1909-ல் அதனை உறுதி செய்தனர். தவிட்டோடு நீங்கிய அப்பொருளே தயமின் என்னும் வைட்டமின் பி-1. 1936-ல் அதனைச் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், நெல்லுக்குப் பெயர் போன நெல்லூரில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குச் சென்றுவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் அது முழுவதும் நீங்குவதில்லை. முன்னோர் வைட்டமினை அறிந்து நெல்லை அவிக்கவில்லை. குத்தும்போது நொறுங்காது, நெடுநாள் கெடாது என்பதற்காகவே அவித்தனர். நன்மை தானாகவே வந்து சேர்ந்தது.

உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. சர்க்கரையைச் சக்தியாக மாற்றத் தயமின் இன்றியமையாதது. ஆனால் உடலில் அதன் சேமிப்பு சில வாரங்களுக்கே போதும். 1942-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், சிறைப்பட்ட போர்வீரர்களுக்குத் தீட்டிய அரிசியே முக்கிய உணவாயிற்று. விரைவிலேயே சிலருக்குக் கண் அசைவு தடுமாறியது, அறிவு குழம்பியது, நினைவு தவறியது. இத்தகைய 52 நோயாளிகளைப் பற்றி டி வார்டனர், லெனக்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1947-ல் எழுதினர். தயமின் கிடைத்தவர் பலர் தேறினர். உரிய வேளையில் கிடைக்காதவர் மாண்டனர்.

இன்று பலவகை உணவும் கிடைப்பதால் பெரிபெரி அரிதாகிவிட்டது. ஆயினும் மது அருந்துவோர், பசி குன்றித் தனியே வாழும் முதியோர், ஓயாத வாந்தியால் துன்புறும் கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இந்த ஆபத்து இன்றும் உண்டு. முதுமையில் திடீரென ஏற்படும் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் 'வயசாகிவிட்டது' என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

சோறு வெண்மையாக இருப்பதே கௌரவம் என்ற எண்ணம் மாறவேண்டும். புழுங்கலரிசியானாலும் நீரிழிவு உள்ளவர்கள் அளவறிந்தே உண்ணவேண்டும். அரிசியைப் பலமுறை கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் சத்து வீணாகும். சோற்றோடு பருப்பு, பயறு, எள், நிலக்கடலை ஆகியவை நாள்தோறும் இலையில் இடம்பெறட்டும். கோயிலில் பச்சரிசியோடு பாசிப்பருப்பும் சேர்த்தே பொங்கல் வைக்கப்படுகிறது. வீட்டுச் சமையலிலும் அந்தச் சேர்க்கையைப் பின்பற்றுவது நலம்.