நார்ம் சௌ: பந்து வீசாதவர் வளர்த்த வீச்சாளர்கள்

நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு உயர்வு தர வேண்டுமானால் நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் அவரை வகுப்பறையிலிருந்து எடுத்து அலுவலகத்தில் அமர்த்துகிறோம். அவரும் அதையே எதிர்பார்க்கிறார். பெற்றோரும் அதைத்தான் வளர்ச்சி என்று எண்ணுகின்றனர். இது சரிதானா என்று எண்ணும்போது, நம் துறைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒருவரின் பணி வரலாறு எனக்கு நினைவுக்கு வரும். அவர் அமெரிக்கப் பல்கலைக்கழகக் காற்பந்துப் பயிற்றுநர் நார்ம் சௌ. விளையாட்டில் ஆர்வம் இல்லாதவர்களும் இவ்வரலாற்றை அறிந்துகொள்வது நன்று என்பதால் எழுதுகிறேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள்

அமெரிக்கக் காற்பந்து நம் மாணவர்கள் திடலில் ஆடும் காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடுவது அது. ஒவ்வோர் அணியிலும் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இந்த ஆட்டத்தின் நடுநாயகம் 'குவாட்டர்பேக்'. ஒவ்வொரு முயற்சியிலும் பந்து பெரும்பாலும் முதலில் இவர் கைக்கு வரும். இவரை வீழ்த்த எதிரணியினர் பாய்ந்து வருவர். அந்த இரண்டு மூன்று விநாடிகளுக்குள், ஓடிக்கொண்டிருக்கும் தம் அணியினரில் யாருக்குப் பந்தை வீசுவது என்று இவர் முடிவெடுக்க வேண்டும். இவருக்கு அரணாக முன்வரிசையில் ஐவர் நிற்பர். அவர்களில் இருவர் 'கார்டு' எனப்படுவர். தள்ளுவதும் தடுப்பதுமே கார்டின் வேலை. ஓர் ஆட்டம் முழுவதும் பந்தைத் தொடாமலே அவர் திடலை விட்டு வெளியேறலாம்.

நார்ம் சௌ ஒரு கார்டு. குவாட்டர்பேக்குகளை வளர்த்த பயிற்றுநர் என்று பிற்காலத்தில் பெயர் பெற்றவர், தம் ஆட்டக்காலத்தில் பந்து வீசும் இடத்தில் நின்றவர் அல்லர்.

ஹவாயிலிருந்து யூட்டாவுக்கு

சௌ 1946ஆம் ஆண்டு ஹொனலுலுவில் பிறந்தார். சீன, ஹவாய், போர்த்துக்கீச வழிகள் கலந்த குடும்பம். புனஹோ பள்ளியில் பயின்றபின், அமெரிக்கப் பெருநிலத்திலுள்ள யூட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கார்டாக ஆடினார். கனடாவின் தொழில்முறை அணியான சஸ்காட்செவன் ரஃப்ரைடர்சிலும் சிறிது காலம் இருந்தார். ஆட்டக்காரர் வாழ்வு நீடிக்கவில்லை. ஹவாய்க்குத் திரும்பி, 1970 முதல் 1972 வரை வாயலுவா உயர்நிலைப்பள்ளியின் அணிக்குப் பயிற்சி அளித்தார்.

அவர் எவற்றைப் படித்தார் என்பதை ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டும். முதுகலைப் பட்டம் சிறப்புக் கல்வியில். முனைவர் பட்டம் கல்வி உளவியலில். பிள்ளை எப்படிக் கற்கிறது, எங்கே தடுமாறுகிறது, எதை எந்த வரிசையில் கொடுத்தால் மனத்தில் நிற்கும் என்பவைதாம் இவ்விரு துறைகளின் அடிப்படைக் கேள்விகள். பந்து வீசிய அனுபவம் இல்லாத ஒருவர் வீச்சாளர்களுக்கு எதைக் கொடுத்திருக்க முடியும் என்று வியப்போருக்கு, இந்தப் படிப்பிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது என்பது என் கருத்து.

பிரிகம் யங்கில் 27 ஆண்டுகள்

1973இல் சௌ யூட்டா மாநிலத்திலுள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார். அங்கு லாவெல் எட்வர்ட்ஸ் 1972இல்தான் தலைமைப் பயிற்றுநராகியிருந்தார். உடல்வலுவில் பெரிய பல்கலைக்கழகங்களை மிஞ்சும் ஆட்டக்காரர்கள் தம் அணிக்குக் கிடைப்பது அரிது என்று உணர்ந்த எட்வர்ட்ஸ், ஓடுவதைவிட வீசுவதை நம்பி ஆட்டத்தை அமைத்தார். அக்காலத்துப் பல்கலைக்கழக ஆட்டத்தில் அது வழக்கத்திற்கு மாறான துணிவு.

அந்த ஆட்டமுறையின் உள்ளே இருந்தது ஒரு பாடத்திட்டம் என்றே சொல்லலாம். குவாட்டர்பேக் பந்தைப் பெற்றதும் பின்வாங்கும் அடிகள் எண்ணப்பட்டவை: மூன்று, ஐந்து அல்லது ஏழு. கடைசி அடி ஊன்றும் நேரமும், பந்தைப் பிடிக்க வேண்டியவர் திரும்பும் நேரமும் பொருந்தும்படி பயிற்சி அமையும். முதலில் யாரைப் பார்ப்பது, அவர் மறிக்கப்பட்டிருந்தால் அடுத்து யாரைப் பார்ப்பது என்பதற்கும் வரிசை உண்டு. எதிரே பாய்ந்து வருபவரைக் கண்டு கலங்காமல் அந்த வரிசைப்படி கண்ணை நகர்த்துவதுதான் கற்க வேண்டிய திறன். வலுவான கை இயற்கையின் கொடை. கண்ணின் ஒழுங்கைக் கற்பித்துத்தான் கொண்டுவர முடியும்.

அங்கிருந்து வந்த வீச்சாளர்களின் வரிசை நீண்டது: கிஃபர்ட் நீல்சன், மார்க் வில்சன், ஜிம் மெக்மேகன், ஸ்டீவ் யங், ராபி பாஸ்கோ, டை டெட்மர். ஸ்டீவ் யங் வந்த புதிதில், ஓடத் தெரிந்தவர், வீசத் தெரியாதவர் என்று வரிசையின் கடைசியில் வைக்கப்பட்டவர். அவரே 1983இல் தம் வீச்சுகளில் 71.3 விழுக்காட்டைச் சரியான கைகளில் சேர்த்தார். 1984இல் பாஸ்கோ குவாட்டர்பேக்காக ஆட, அணி 13 ஆட்டங்களையும் வென்று நாட்டின் முதல் அணியாகத் தேர்வு பெற்றது. டெட்மர் 1990இல் ஹைஸ்மன் விருதைப் பெற்றார். ஆண்டின் தலைசிறந்த பல்கலைக்கழக ஆட்டக்காரருக்கு 1935 முதல் வழங்கப்படும் விருது அது.

இவர்கள் அனைவரையும் சௌ ஒருவரே உருவாக்கினார் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. டக் ஸ்கோவில், டெட் டோல்னர் ஆகியோர் அந்த முறைக்கு வடிவம் தந்தவர்கள். 1982 முதல் 1985 வரை குவாட்டர்பேக் பயிற்றுநராக இருந்தவர் மைக் ஹோம்கிரன். அவரும் அதற்கு முன்னர் பள்ளியாசிரியராக இருந்தவர். பின்னாளில் கிரீன் பே அணியைத் தொழில்முறை ஆட்டத்தின் உச்சப் பட்டத்திற்கு அழைத்துச் சென்றார். பலர் வந்தனர், கற்பித்தனர், வேறிடம் சென்றனர். சௌவோ 27 ஆட்டப் பருவங்கள் அங்கேயே இருந்தார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர, முறை அறுபடாமல் காத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நெடுங்காலம் ஒரே பள்ளியில் பணியாற்றிய மூத்த ஆசிரியரின் அருமையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

புதிய இடங்கள், புதிய மாணவர்கள்

1999ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பின் சௌ அங்கிருந்து விலகினார். அப்போது அவர் வயது 53. 2000இல் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ரிவர்ஸ் என்னும் முதலாண்டு மாணவரைக் குவாட்டர்பேக்காக வைத்து ஆட்டத்தை நடத்தினார். ரிவர்ஸின் கை, தோளுக்கு மேலே எழாமல் பக்கவாட்டில் சுழலும். பாடநூல் முறைக்கு ஒவ்வாத வீச்சு. அந்தப் பருவத்தில் அணி 8 வெற்றியும் 4 தோல்வியும் கண்டது. பிற்காலத் தொழில்முறை ஆட்டத்திலும் ரிவர்ஸின் கை அப்படித்தான் சுழன்றது. அதனோடே அவர் பெரும்புகழ் பெற்றார்.

2001இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம். அங்கே கார்சன் பால்மர் இருந்தார். பெரும் நம்பிக்கையோடு 1998இல் சேர்க்கப்பட்டவர், அந்நம்பிக்கையை நிறைவேற்றாதவர். 2000ஆம் ஆண்டில் அவருடைய வீச்சுகளில் 16 புள்ளி தேடித் தந்தன. 18 எதிரணியின் கைக்குப் போயின. சௌ வந்த முதலாண்டில் அந்தக் கணக்கு 13க்கு 12. அணி 6 வெற்றி, 6 தோல்வி. பெற்றோர்களே, இந்த முதலாண்டை மனத்தில் வையுங்கள். நல்ல ஆசிரியர் கிடைத்தும் மதிப்பெண் உடனே ஏறவில்லை. இரண்டாம் ஆண்டில், 2002இல், கணக்கு 33க்கு 10 ஆயிற்று. பால்மர் ஹைஸ்மன் விருது பெற்றார். சிறந்த துணைப் பயிற்றுநருக்கான பிராய்ல்ஸ் விருது அவ்வாண்டு சௌவுக்குக் கிடைத்தது.

பால்மர் சென்றதும் அடுத்து வந்தவர் மேட் லைனார்ட். 2003ஆம் ஆண்டின் முதல் ஆட்டம் வரை பல்கலைக்கழக ஆட்டத்தில் ஒரு முறைகூடப் பந்து வீசியிராதவர். அவர் அப்பருவத்தில் 38 முறை புள்ளி தேடித் தந்தார். 2004இல் ஹைஸ்மன் விருதும் பெற்றார். 2004ஆம் ஆண்டுப் பருவத்தில் அணி தோல்வியே காணாமல் பட்டம் வென்றது. வேறோர் ஆட்டக்காரர் முறைகேடாகச் சலுகைகள் பெற்றதற்காகப் பின்னர் தண்டனை விதிக்கப்பட்டு, 2011இல் அப்பட்டம் பறிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

தலைமை

டெட்மர், பால்மர், லைனார்ட் என மூன்று ஹைஸ்மன் வெற்றியாளர்களுக்குக் கற்பித்தவருக்குத் தலைமைப் பொறுப்பு மட்டும் வரவில்லை. 2005 முதல் டென்னசி டைட்டன்ஸ் தொழில்முறை அணியில் மூன்று பருவங்கள். பின்னர் லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம். அதன்பின் தாம் பயின்ற யூட்டா. எங்கும் துணைப் பொறுப்பே. 2011 டிசம்பரில் ஹவாய் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்றுநராக நியமித்தது. அவருக்கு வயது 65. பல்கலைக்கழக ஆட்டத்தின் உயர்மட்டப் பிரிவில் அப்பொறுப்பை ஏற்ற முதல் ஆசிய வம்சாவளி அமெரிக்கர் என்று அவர் குறிப்பிடப்பட்டார். ஆசிய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் வாழும் ஒரு நாட்டில், அந்த 'முதல்' 2011 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதே ஒரு செய்திதான்.

முடிவு இனிமையாக இல்லை. நான்கு பருவங்களில் 10 வெற்றி, 36 தோல்வி. 2015 நவம்பரில், பருவம் முடியும் முன்பே அவர் பணியிலிருந்து விலக்கப்பட்டார்.

நமக்கு என்ன?

இந்த முடிவைக் கொண்டு சௌவை அளப்பவர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைமைப் பயிற்றுநர் ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். நன்கொடையாளரைச் சந்திக்க வேண்டும். செய்தியாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். நூறு இளைஞர்களின் ஒழுங்குக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஓர் இளைஞனின் அருகில் அமர்ந்து அவன் கண் எங்கே போகிறது என்று பார்ப்பது இவற்றுள் அடங்காது. அது வேறு தொழில். ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றிலும் சிறப்பார் என்பதற்கு உறுதியில்லை.

அதற்காக, கற்பிப்பவர் துணைப் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வாய்ப்பு அவருக்கு 65 வயதில் அன்றி 45 வயதில் வந்திருக்க வேண்டும், அது நியாயம். தலைமையேற்க விரும்பும் ஆசிரியருக்கும் அவ்வாய்ப்பு உரிய காலத்தில் கிடைக்க வேண்டும். நான் வேண்டுவது வேறு. தலைமையை நல்ல கற்பித்தலுக்குத் தரும் ஒரே பரிசாக ஆக்கிவிடாதீர்கள். அப்படி ஆக்கினால், நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர் எதையோ தவறவிட்டவராகத் தோன்றுவார். அவர் தவறவிட்டது ஒன்றுமில்லை என்பதை மதிப்பாலும் ஊதியத்தாலும் உணர்த்தும் கடமை நம் அனைவருக்கும் உண்டு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பரிசு பெறும் நாளில் மேடையில் நிற்பவருக்கு மாலை அணிவிக்கிறோம். அது மரபு, தவறில்லை. மறுநாள், இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ அப்பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று கேட்டு, அவரையும் ஒருமுறை சென்று காணுங்கள்.