கூந்தலும் கூடையும்

நக்கீரருக்கும் சிவபெருமானுக்கும் நடந்த வழக்கைத் தமிழ் படித்த யாவரும் அறிவர். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லையா என்பதே வழக்கு. தருமிக்குக் கிடைக்கவிருந்த பொற்கிழி தடைப்பட்டதும், நெற்றிக்கண்ணின் வெம்மை தாங்காது நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்ததும் திருவிளையாடற் புராணம் சொல்லும் கதை. பக்தியோடு படிப்போர் இறைவன் பக்கம் நிற்பர். ஆனால், கூந்தலின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு நக்கீரர் சொன்ன விடைதான் கைவிளக்கு. மலராலும் சாந்தாலும் புகையாலும் வருவதே கூந்தலின் மணம் என்றார் அவர். கூந்தலின் சிறப்பு பிறப்பால் வருவதன்று, செய்கையால் வருவது என்பதே இதன் பொருள். செய்கை என்றால் அங்கே ஒரு கை இருக்கிறது. அந்தக் கைக்கு வேண்டிய பொழுதும் இருக்கிறது.

அந்தக் கையையும் பொழுதையும் சங்க காலத்திலிருந்து நமது மலையகத்துத் தேயிலைத் தோட்டம் வரை தொடர்ந்து சென்று பார்ப்பதே இவ்வாரம் நம் நோக்கம்.

பழந்தமிழ்ப் புலவர்கள் விரும்பிப் போற்றியது கோடு போட்டாற் போன்ற நேரான கூந்தலை அன்று. ஆற்றில் நீர் வடிந்தபின் கருமணலில் வரிவரியாக ஒரு நெளிவு தங்கும். அதற்கு அறல் என்று பெயர். பொருநராற்றுப்படையில் முடத்தாமக் கண்ணியார் பாடினியின் உருவத்தைத் தலைமுதல் அடிவரை வருணிக்கிறார். அவர் முதலில் எடுத்துக்கொள்வது அறலைப் போன்ற அவளுடைய கூந்தலைத்தான். நெறி என்ற சொல்லுக்கு வழி என்றும் ஒழுக்கம் என்றும் பொருள் கொள்ளும் நாம், கூந்தலின் நெளிவுக்கும் அதே சொல் வழங்கியதை மறந்துவிட்டோம். நெளிவு இவர்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. அதுவே அழகின் இலக்கணமாக இருந்தது.

நெளிந்த நீள்கூந்தலுக்கு ஒரு தொல்லை உண்டு. காற்றில் ஈரம் ஏறினால் அது இழைஇழையாகப் பிரிந்து எழும், சிலும்பி நிற்கும். அதை வசப்படுத்தி அமைக்கும் முறைகளைத்தான் ஐம்பால் என்றனர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என உரையாசிரியர்கள் அவற்றை எண்ணுவர். உச்சியில் முடிதல், பக்கத்தே கொண்டையிடுதல், சுருட்டிச் செருகுதல், பின்னித் தொங்கவிடுதல் என்றெல்லாம் இவற்றுக்கு விளக்கம் தருவர். எதற்கு எது பொருள் என்பதில் உரைகளுக்கிடையே வேறுபாடு இருக்கலாம். ஆயினும் ஒன்று தெளிவு. இவற்றில் எதற்கும் காய்ச்சிய இரும்பு வேண்டியதில்லை. நீர், நெய், சீப்பு, விரல், பொறுமை ஆகிய ஐந்துமே கருவிகள்.

இக்கலையின் உச்சத்தைக் காண விரும்புவோர் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையைப் பார்க்க வேண்டும். கோவலனின் ஊடலைத் தீர்க்க மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்கிறாள். பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரிலே கூந்தலை நனைத்துக் கழுவுகிறாள், நறும்புகையில் உலர்த்துகிறாள், வகைவகையாகப் பிரித்துக் கத்தூரிக் குழம்பு பூசுகிறாள். இந்த நாற்பத்தேழு பொருள்களையும் பெயர் சொல்லி விளக்க அடியார்க்கு நல்லார் மறக்கவில்லை. ஆனால், அவற்றைக் கொண்டுவந்தவர் யார், இடித்தவர் யார், ஊறவைத்தவர் யார் என்று காப்பியம் கூறவில்லை. ஒருத்தி தனியே செய்துமுடிக்கும் வேலையன்று இது. ஒரு நாளின் பெரும்பகுதியை விழுங்கும் வேலை. பொழுது இருந்தவளுக்கே அந்தக் கூந்தல் வாய்த்தது.

அகிலும் சாம்பிராணியும் நெருப்பிலே இடப்படுவனதாமே, அது வெப்பமன்றோ என்று கேட்கலாம். தணலின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கூந்தலை விரித்துப் புகை காட்டும் வழக்கம் நம் வீடுகளில் அண்மைக்காலம் வரை இருந்தது. கூடை இடையில் நிற்பதால் தணல் முடியைத் தீண்டாது. புகையும் இளஞ்சூடும் மட்டுமே ஊடுருவி ஈரத்தைப் போக்கும். நெருப்பை எட்ட வைத்துக்கொண்டு அதன் பயனை மட்டும் பெறும் நுட்பம் இது.

இனி, ஈரத்துக்கும் முடிக்கும் உள்ள உறவைச் சிறிது பார்ப்போம். ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்ற அறிஞர் காற்றின் ஈரத்தை அளக்க ஒரு கருவி செய்து, 1783இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அக்கருவியின் உயிர்நாடி ஒரு மனித மயிரிழை. வறண்ட காற்றிலிருந்து முற்றும் ஈரமான காற்றுக்கு மாறும்போது மயிர் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டரைப் பங்கு நீளுகிறது. அந்நீட்சி ஒரு முள்ளை அசைத்து அளவு காட்டும். மயிரில் எண்ணெய்ப்பசை இருந்தால் அது ஈரத்தைச் செவ்வையாக உணராது என்பதால், சொசூர் முதலில் அதைக் காரநீரில் கொதிக்கவைத்துப் பசையை நீக்கினார். நம் பாட்டிமார் செய்தது இதற்கு நேர்மாறு. முடி ஈரத்தை உணரக்கூடாது என்று அவர்கள் எண்ணெய் வைத்தார்கள். உண்மை ஒன்றே. அவர் அதை அளக்கப் பயன்படுத்தினார். இவர்கள் தலைமுடியைக் காக்கப் பயன்படுத்தினார்கள்.

மயிரிழை கெரற்றின் என்ற புரதத்தால் ஆனது. நனையும்போது அதன் உட்பிணைப்புகளில் ஒரு பகுதி தளர்கிறது. உலரும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் அவை மீண்டும் இறுகுகின்றன. ஈரம் சற்றே மிஞ்சியிருக்கும்போது பின்னி, உலர்ந்தபின் அவிழ்த்தால், பின்னலின் நெளிவு கூந்தலில் நிற்பது இதனால்தான். வெப்பம் இச்செயலை விரைவுபடுத்துகிறதே தவிர, புதிதாக ஒன்றைச் செய்வதில்லை. வெப்பத்துக்குப் பதிலாக நாம் கொடுக்க வேண்டியது நேரம்.

மலையகப் பெண்ணிடம் இல்லாதது அந்த நேரம்தான்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மலைகள் தேயிலை மலைகளாயின. கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடை முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் செடி. அதனால் திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரப் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் வந்து லயங்களில் நிலைகொண்டன. கொழுந்து பறிப்பது பெண்களின் வேலையாயிற்று. அவர்கள் கொண்டுவந்த உடைமைகளில் சீப்பும் எண்ணெய்க் குப்பியும் இருந்திருக்கும். கூந்தலை அள்ளிச் செருகும் பழக்கம் கையோடு வந்தது.

அந்தக் கை வந்துசேர்ந்த இடம் எத்தகையது? நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவே. ஹட்டன் அதைவிடத் தாழ்வானது எனினும் தென்மேல் பருவமழையை நேரே வாங்குவது. பனியும் மூட்டமும் தூறலும் மாறிமாறி வரும். தஞ்சைச் சமவெளியில் அரைமணி வெயிலில் உலரும் கூந்தல் இங்கே அரைநாளாயினும் உலராது. உலர்ந்ததும் சிலும்பும். சொசூரின் கருவி இங்கே முள்ளை ஒரு பக்கமாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

இவ்விடத்தில்தான் கூடை வருகிறது. கூடையின் கயிறு தலைமேல் சென்று, முதுகில் தொங்கும் கொழுந்தின் பாரம் முழுவதையும் தலை தாங்கும்படி செய்கிறது. கயிறு அறுக்காதிருக்கத் தலையில் துணியை மடித்துப் போடுவார்கள். உச்சியில் முடியிட இடமில்லை. பின்னித் தொங்கவிட்டால் கூடைக்கும் முதுகுக்கும் நடுவே சிக்கும். விரித்துவிட்டால் தேயிலை வாதுகளில் மாட்டும். ஆகவே, ஐம்பாலில் நான்கு கழிந்து ஒன்று மிஞ்சிற்று. பிடரியை ஒட்டித் தாழ்ந்து நிற்கும் இறுகிய கொண்டை. அழகுக்கென்று பிறந்த வடிவம் தொழிலுக்கென்று தேர்வாயிற்று. இலக்கியத்தில் காதலனின் கண் பார்த்த கூந்தலை இங்கே கூடைக்கயிறு தீர்மானித்தது.

நாட்கணக்கும் மாறியது. வெள்ளிக்கிழமை பெண்கள் தலைமுழுகும் நாள் என்பது நம் மரபு. தோட்டத்தில் வெள்ளி வேலை நாள். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பிரட்டுக்களத்துக்கு ஓடுபவள் எப்போது எண்ணெய் வைத்து ஊறவிடுவாள்? ஆண்களுக்குக் கவ்வாத்து, புல்லுவெட்டு முதலிய கணக்கு வேலை பலவேளை நண்பகலோடு முடிந்துவிடும். பெண்களுக்கோ மாலை நிறுவை முடியும்வரை மலைதான். வீடு திரும்பினால் மறுபடியும் அடுப்பு. ஒரே நாளுழைப்புக்கு ஆணுக்கொரு சம்பளம், பெண்ணுக்கொரு சம்பளம் என்ற வேறுபாடு 1984 வரை நீடித்தது என்பதும் நினைவுகொள்ளத்தக்கது. எஞ்சியது ஞாயிறு. பீலிக்கரையில் அன்று கூட்டம் சேரும். சீயக்காயோ, செவ்வரத்தை இலையைக் கசக்கிய வழுவழுப்போ, வடித்த கஞ்சியோ, வீட்டில் இருந்தது தலைக்கு ஏறும்.

அங்கே தொடங்கும் வேலையைக் கவனித்தால் மாதவியின் மரபு அறுபடவில்லை என்பது விளங்கும். நனைந்த கூந்தலைத் துவாலையால் அரக்கித் தேய்ப்பதில்லை. பழைய நூற்சேலைத் துண்டைச் சுற்றி நீரை ஒற்றி எடுப்பார்கள். நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுப்பார்கள். முதலில் விரல், பிறகு பற்கள் அகன்ற சீப்பு. உள்ளங்கையில் தேய்த்த தேங்காயெண்ணெயைத் தடவி, ஈரம் முற்றும் போகுமுன் தளர்வாகப் பின்னிவிடுவார்கள். லயத்து வாசலில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் படிகளில் அமர்ந்து, அம்மாயி மகளுக்கும் மகள் பேத்திக்கும் தலைபார்க்கும் நேரம் அது. பேனும் பார்க்கப்படும், ஊர்க்கதையும் பேசப்படும். இரவு முழுவதும் பின்னலிலேயே கிடந்த கூந்தல் திங்கள் காலையில் அவிழும்போது சிலும்பல் அடங்கி, ஒழுங்கான நெளிவோடு இருக்கும். அதை அள்ளிச் செருக இரண்டு நிமிடம் போதும். பகலில் கிடைக்காத நேரத்தை அவர்கள் தூக்கத்திலிருந்து கடன் வாங்கினார்கள் என்று சொல்லலாம்.

தேங்காயெண்ணெயின் நற்பெயருக்குப் பிற்காலத்தில் விஞ்ஞானச் சான்றும் கிடைத்தது. 2003இல் இந்திய ஆய்வாளர் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முதலாவது மட்டுமே மயிரிழைக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்று காட்டினர். அவர்கள் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும், பீலிக்கரை அனுபவம் அதற்கு எதிர்ச்சாட்சி சொல்லவில்லை.

டெயிலர் தேயிலை நட்ட ஐந்தாம் ஆண்டில், 1872இல், பாரிஸ் நகரில் மார்செல் என்ற முடியலங்காரக் கலைஞர் காய்ச்சிய இடுக்கியால் கூந்தலில் அலை எழுப்பும் முறையைக் கண்டார் என்பர். மேலைநாட்டுச் சீமாட்டிகள் நெருப்பைக் கொடுத்து நெளிவை வாங்கினர். பின்னர் காற்று மாறி வீசிற்று. அதே வெப்பம் மின்கருவியாகி, நெளிந்ததை நேராக்கும் கருவியாயிற்று. இன்று அக்கருவிகள் 150 முதல் 230 பாகை வரை சூடேறுகின்றன. சமையலில் எண்ணெய் பொரியும் சூடு அது. அதை நாளாந்தம் தாங்கும் மயிரிழை வெடித்து முறியும். பிறகு மூட்டம் இறங்கினால் முன்னைவிட அதிகமாகச் சிலும்பும். ஹட்டன் கடைத்தெருவிலும் அக்கருவிகள் கிடைக்கின்றன. தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குச் செல்லும் பெண்பிள்ளைகள் முதற்சம்பளத்தில் வாங்க ஆசைப்படும் பொருள்களில் அதுவும் ஒன்று.

ஆசையைக் குறைகூற நான் வரவில்லை. அதன் பின்னால் நிற்கும் ஒரு சொல்லைப் பற்றியே என் கவலை. பரட்டை. மூட்டத்தில் நடந்து பாடசாலைக்கு வரும் சிறுமியின் தலையைப் பார்த்து எத்தனை எளிதாக இச்சொல்லை வீசிவிடுகிறோம்! காலையில் இரட்டைப் பின்னலிட்டு ரிப்பன் கட்டித்தான் தாய் அனுப்பியிருப்பாள். மூன்று மைல் பனி அதைக் குலைத்திருக்கும். பாண்டியன் அவையில் விரிந்த கூந்தலோடு நின்ற கண்ணகியைப் பாடமாக நடத்தும் வகுப்பறையிலேயே அவளைப் பரட்டை என்று அழைப்பது நியாயமாகுமா? அறல் என்று வருணித்த மொழிக்கு, அதே நெளிவைப் பழிக்க ஒரு சொல் எப்போது தேவைப்பட்டது என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

ஒரு காலத்துத் தேயிலை விளம்பரங்களிலும் அஞ்சலட்டைகளிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் உலகெங்கும் போயிற்று. கூடையும் சிரிப்பும் மூக்குத்தியும் அவற்றில் உண்டு. படியவாரிய கூந்தலும் உண்டு. அதைப் படியவைக்க அவள் செலவிட்ட ஞாயிற்றுக்கிழமை எந்தப் படத்திலும் இல்லை. மலையகப் பாடல்களையும் கதைகளையும் தேடித் தொகுக்கும் இளையோர், அம்மாயிமார் தலைவாரிய முறைகளையும், பயன்படுத்திய இலைகளின் பெயர்களையும், கொண்டை வகைகளையும் கேட்டெழுதி வைக்க வேண்டும். பல தோட்டங்களில் இன்று கூடையின் இடத்தைப் பை பிடித்திருக்கிறது. கூடை போனால் கொண்டையும் போகலாம். அது காலத்தின் போக்கு. ஆனால், நெருப்பில்லாமல் ஈரத்தையும் நேரத்தையும் கொண்டு கூந்தலை வசப்படுத்திய அறிவு ஏட்டில் ஏறாமலே போய்விடக்கூடாது. அந்த அறிவு உள்ள பாட்டி ஒருத்தியேனும் ஒவ்வொரு லயத்திலும் இன்னும் இருக்கிறாள். ஞாயிறு பிற்பகலில் அவள் முன்னே ஒரு படி கீழே அமர்ந்து, தலையைக் கொடுத்துவிட்டுக் கதையைக் கேளுங்கள்.