வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ் செல்லாததாக இருந்தால்... வாடகைதாரருக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு என்ன?

"இம்மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்துவிடவும்" என்று வீட்டு உரிமையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒற்றை வரியோ, கதவில் ஒட்டிச் செல்லும் கையொப்பமற்ற தாளோ வாடகைக் குடியிருப்பை முடிவுக்குக் கொண்டுவந்துவிடாது. அதே வேளையில், நோட்டீஸில் குறை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் காலவரையின்றி அங்கேயே தங்கிவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. பெரும்பாலான வழக்குகளில் குறையுள்ள நோட்டீஸால் வாடகைதாரருக்குக் கிடைப்பது கால அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே வழக்கின் போக்கு அமைகிறது.

மாநில வாடகைச் சட்டங்களின் வரம்புக்குள் வராத கட்டடங்களுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பொருந்தும். நோட்டீஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதன் 106-ஆவது பிரிவு வகுத்துரைக்கிறது. நோட்டீஸ் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். கொடுப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ அதில் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அதனைத் தபாலில் அனுப்பலாம். வாடகைதாரரிடமோ, அவரது இருப்பிடத்தில் குடும்பத்தினர் அல்லது பணியாளரிடமோ நேரில் வழங்கலாம். இவை இயலாதபோது மட்டுமே கட்டடத்தில் எளிதில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையெனில் குடியிருப்புக்கும் கடைக்கும் 15 நாள்கள், விவசாயம் மற்றும் உற்பத்திப் பயன்பாட்டுக்கு 6 மாதங்கள் அவகாசம் தர வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்தே இந்தக் காலம் தொடங்குகிறது. அதில் அச்சிடப்பட்ட தேதியிலிருந்து அல்ல. ஒப்பந்தத்தில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ குறிக்கப்பட்டிருந்தால் அதுவே மேலோங்கும்.

வாடகைப் பாக்கியைக் கேட்பது மட்டும் காலி செய்யும் நோட்டீஸ் ஆகாது. குடியிருப்பு உரிமை முடிக்கப்படுகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

வாடகை மாதத்தின் கடைசி நாளோடு நோட்டீஸ் காலம் முடியாவிட்டால் அது செல்லாது என்ற விதி முன்பு இருந்தது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விதியை நீக்கிவிட்டது. நோட்டீஸில் குறிப்பிட்ட காலம் 15 நாள்களுக்குக் குறைவாக இருந்தாலும், உரிய காலம் கடந்த பின்னர் வழக்குத் தொடுக்கப்பட்டால், அந்தக் குறையைக் காட்டி நோட்டீஸைச் செல்லாததாக்க முடியாது. பழைய தீர்ப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நாள் கணக்கை மட்டும் நம்பி வாதாடுவோர் ஏமாற்றமடைவது இதனால்தான். எழுத்துப்பிழை, வீட்டு விவரத்தில் சிறு தவறு போன்றவற்றையும் நீதிமன்றங்கள் பொருட்படுத்துவதில்லை. நோட்டீஸைக் குறைகாணும் நோக்கில் அன்றி, அதன் பொருள் விளங்கும் வகையிலேயே படிக்க வேண்டும் என்பது பிரிவி கவுன்சில் காலந்தொட்டு நிலவும் நெறி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொதுச் சட்டத்தின் கீழ் தொடுக்கப்படும் வெளியேற்ற வழக்கே ஒரு நோட்டீஸுக்கு நிகரானது என்று நோபானி இன்வெஸ்ட்மென்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே நோட்டீஸ் குறையை மட்டுமே நம்பி வழக்கை நடத்துவது ஆபத்தானது.

பதினொரு மாத ஒப்பந்தம்

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் 11 மாத ஒப்பந்தங்கள் நாடெங்கும் வழக்கத்தில் உள்ளன. குறித்த காலம் முடிந்ததும் குத்தகை தானாகவே முடிவடைகிறது. அதற்குத் தனி நோட்டீஸ் தேவையில்லை. ஆனால் காலம் முடிந்த பிறகும் உரிமையாளர் இசைந்து வாடகையைப் பெற்று வந்தால், மாறான உடன்பாடு இல்லாத நிலையில், 116-ஆவது பிரிவின்படி குடியிருப்பு மாதாந்தர வாடகையாகத் தொடர்கிறது. அப்போது நோட்டீஸ் மீண்டும் அவசியமாகிறது. வங்கிக் கணக்கில் வாடகை செலுத்திய பதிவுகள் அங்கே முதன்மைச் சான்றாகும்.

மாநிலச் சட்டங்கள்

வாடகைச் சட்டம் பொருந்தும் இடங்களில் நிலை வேறு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தனபால் செட்டியார் வழக்கில், 1979-இல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, மாநில வாடகைச் சட்டத்தின்படி வெளியேற்றக் கோரும்போது 106-ஆவது பிரிவின் நோட்டீஸ் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. அங்கே உரிமையாளர் நிரூபிக்க வேண்டியது, சட்டம் பட்டியலிட்ட காரணங்களுள் ஒன்றையே. சில காரணங்களுக்கு அந்தந்தச் சட்டமே தனி நோட்டீஸை வலியுறுத்துகிறது. மகாராஷ்டிரத்தில் வாடகைப் பாக்கிக்காக நோட்டீஸ் அனுப்பி 90 நாள்கள் கடக்கும் முன் வழக்குத் தொடுக்க முடியாது. டெல்லியில் பாக்கியைச் செலுத்த 2 மாத அவகாசம் உண்டு. எனினும் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பே கிடைக்காது. இன்றைய டெல்லியில் அத்தொகைக்குள் வீடு கிடைப்பது எவ்வளவு அரிது என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணமாகலாம்.

பூட்டுப் போட்டால்

நோட்டீஸ் செல்லுமோ செல்லாதோ, உரிமையாளர் தாமாகவே வீட்டுக்குப் பூட்டுப் போடவோ, பொருள்களை வெளியே வைக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. குடியிருப்பு உரிமை முடிந்துவிட்டாலும், வீட்டைத் தம் வசம் வைத்திருப்பவரைச் சட்ட வழியில் மட்டுமே வெளியேற்ற முடியும் என்று 1989-ஆம் ஆண்டின் கிருஷ்ணா ராம் மகாலே வழக்கு உட்படப் பல தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. அத்தகைய அச்சுறுத்தல் எழுந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம். ஏற்கெனவே வெளியேற்றப்பட்டுவிட்டால், தனிக்குறை தீர்வுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்கீழ் 6 மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து வீட்டைத் திரும்பப் பெறலாம். இக்கெடு தவறினால் இந்த வழி அடைபட்டுவிடும். குடிநீர், மின்சாரத்தைத் துண்டிப்பதை டெல்லி, மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் வாடகைச் சட்டங்கள் தடை செய்கின்றன.

வாடகைதாரர் செய்ய வேண்டியவை

நோட்டீஸ் வந்தால் முதல் வேலை அதன் உறையைப் பத்திரப்படுத்துவது. கைக்கு வந்த நாளை நிறுவ அது உதவும். பதிவு அஞ்சலை வாங்க மறுப்பதால் பயனில்லை. சரியான முகவரிக்கு வந்த கடிதத்தை மறுத்தாலும் அது சேர்ந்ததாகவே கருதப்படும். குறைகளைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாகப் பதில் அனுப்புவது நல்லது. வழக்கு வந்தால் நோட்டீஸ் செல்லாது என்ற ஆட்சேபத்தை எதிருரையிலேயே எழுப்ப வேண்டும். அங்கே விட்டுவிட்டால் அது கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகையை நிறுத்தக்கூடாது. கோபத்தில் வாடகையை நிறுத்தி, செல்லாத நோட்டீஸ் அனுப்பிய உரிமையாளருக்குச் செல்லத்தக்க காரணத்தை வாடகைதாரரே தந்துவிடுவதுண்டு. உரிமையாளர் வாங்க மறுத்தால் வங்கி மூலமோ மணியார்டர் மூலமோ அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். மாநிலச் சட்டம் இடமளித்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். வெளியேற்றத் தீர்ப்புக்குப் பின் மேல்முறையீட்டுக் காலத்தில் தங்கியிருப்பவர், பழைய வாடகைக்குப் பதிலாகச் சந்தை நிலவரப்படி தொகை செலுத்த நேரிடலாம் என்பது 2004-ஆம் ஆண்டின் ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் தீர்ப்பின் சாரம்.

வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். தேசிய உதவி எண் 15100.