மேனாமினுக்கி

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பெண் நன்றாக உடுத்தித் தெருவில் இறங்கினால் அவளுக்குக் கிடைக்கும் பெயர் மேனாமினுக்கி. மேனியை மினுக்கிக்கொள்பவள் என்று பொருள். அவள் செய்த குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. குளித்திருப்பாள், தலைவாரிப் பூ வைத்திருப்பாள், மடிப்புக் கலையாத சேலை கட்டியிருப்பாள். இதையே ஓர் ஆண் செய்தால் அவனுக்கும் ஒரு பெயர் உண்டு: மைனர். போடி, கண்டமனூர் என்று ஜமீன்கள் இருந்த சீமை இது. வயதுக்கு வராத ஜமீன் வாரிசைக் குறித்த ஆங்கிலச் சட்டச் சொல், பட்டுச் சட்டையும் சென்டு வாசனையுமாகத் திரிகிறவனின் பட்டமாக நம் ஊர்வாயில் நிலைத்துவிட்டது. கழுத்துச் சங்கிலிக்குக்கூட மைனர் செயின் என்று அவன் பெயர்தான். மைனர் என்று சொல்லும்போது சொல்பவர் உதட்டில் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும். மேனாமினுக்கி என்று சொல்லும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

வசதியான வீட்டுப் பெண்ணைப்போலத் தெரிவது எப்படி என்று இன்று நம் மாணவிகளுக்கு ஏராளமான அறிவுரைகள் கிடைக்கின்றன. நகை குறைவாக இருக்க வேண்டும். நிறம் அடங்கியிருக்க வேண்டும். ஜரிகையும் ஜிகினாவும் கூடாது. துணி உடம்புக்குச் சரியாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். இருக்கும் பணத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதே பணக்காரத் தோற்றம் என்பது இவற்றின் சாரம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல யோசனையாகத்தான் தெரியும். ஆனால், காட்டிக்கொள்ளும் உரிமை எல்லாப் பெண்களுக்கும் எப்போதும் இருந்தது போலவும், இனி கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும் என்பது போலவும் அவை பேசுகின்றன. அந்த உரிமையின் வரலாறு அப்படிப்பட்டதல்ல. அதைப் பார்க்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பண்ணைப்புரத்தில் நின்று மேற்கே ஒருமுறையும் கிழக்கே ஒருமுறையும் திரும்பினால் போதும்.

முதலில் நின்ற இடத்தைப் பார்ப்போம். இளையராஜா பிறந்த ஊராக உலகம் அறிந்த பண்ணைப்புரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிய பிறகு, ஆற்றை ஒட்டிய ஊர்கள் இருபோக நெல் விளையும் பூமியாயின. பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர் என்று இன்றும் கணக்குச் சொல்வார்கள். நிலம் இருந்தவர்கள் வீட்டில் நெல் சேர்ந்தது, நெல் நகையாயிற்று. நிலம் இல்லாத பெண்கள் அந்த நெல்லை நட்டார்கள், களையெடுத்தார்கள், அறுத்தார்கள்.

அன்றைய பெண்ணின் வசதி காதில் தெரிந்தது. சிறுவயதிலேயே காது குத்தி, துளையைப் பஞ்சு வைத்துப் பெரிதாக்கி, குணுக்குகளைத் தொங்கவிட்டுக் காதை வளர்த்தார்கள். வளர்ந்த காதில் ஏறியது தண்டட்டி. தண்டட்டியும் பாம்படமும் பார்வைக்குக் கனத்த தங்கம். உள்ளே இருப்பதோ அரக்கு. மெல்லிய தங்கத் தகட்டுக்குள் அரக்கை நிரப்பி, கொஞ்சத் தங்கத்தை நிறையத் தங்கமாகத் தோன்றவைக்கும் ஆசாரியின் வித்தை அது. இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை இன்றைக்குப் பிறந்ததில்லை. அதற்கென்று ஒரு தொழில்நுட்பமே நம் பாட்டிகளின் காதில் ஆடிக்கொண்டிருந்தது. நிலம் ஆண் பெயரில், வீடு ஆண் பெயரில் இருந்த சமூகத்தில் ஒரு கிழவி தன்னுடையது என்று தொட்டுச் சொல்லக்கூடிய சொத்தும் அந்தக் காதில்தான் கிடந்தது. அவள் கண்ணை மூடியதும் தண்டட்டி யாருக்கு என்ற சண்டை எழுவதற்கு அதுவே காரணம். 2023இல் ‘தண்டட்டி’ என்ற பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்தது. பின்வந்த தலைமுறைப் பெண்கள் வளர்ந்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டு தோடும் கம்மலும் போட்டார்கள். பழைய தோற்றத்திலிருந்து வெளியேறுவதற்கும் உடம்பில் கத்தி பட வேண்டியிருந்தது.

இனி மேற்கே திரும்புவோம். தலைக்கு மேலே தெரியும் மலை 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் எல்லை. அந்த நாட்டில் ஒரு பெண்ணின் மார்பின்மேல் துணி இருக்கலாமா என்பதை அரசு தீர்மானித்தது. நாடார் முதலான சாதிப் பெண்கள் மேல்சாதியார் முன்னால் மேலாடை இல்லாமல்தான் நிற்க வேண்டும். 1810களில் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவரான பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றார். அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களின் துணிகள் கிழிக்கப்பட்டன. 1829இல் அரசு மறுபடி தடை போட்டது. 1858இல் கலவரம் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலையில் மன்னரின் பிரகடனம் வந்தது.

தோள்சீலைப் போராட்டத்தின் வெற்றியாக நாம் கொண்டாடும் அந்தப் பிரகடனத்தை நிதானித்துப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், மீனவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எந்த விதமாகவும் மறைத்துக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் அணியக் கூடாது. மறைக்க அனுமதி கிடைத்தது, ஒப்பாகத் தெரிய அனுமதி கிடைக்கவில்லை. பிரச்சினை மானம் பற்றியது மட்டுமல்ல என்பதை இந்த ஒரு வரம்பு காட்டிக்கொடுக்கிறது. தூரத்தில் வரும் ஒரு பெண்ணைப் பார்த்தவுடன் அவள் எந்த வீட்டுப் பெண் என்று தெரிந்துவிட வேண்டும்; அந்த அடையாளம் குழம்பக் கூடாது. அவர்கள் அஞ்சியது அதற்குத்தான்.

1915இல் கொல்லம் பக்கம் புலையர் பெண்கள் தங்கள் கழுத்தில் கிடந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அவர்களுக்கு விதிக்கப்பட்ட நகை அது. தங்கமும் வெள்ளியும் கூடாது, கல்லும் மணியும் கோத்த மாலையே சாதியின் அடையாளம். அய்யன்காளி தலைமையில் நடந்த கூட்டத்தில் அவை மலைபோலக் குவிந்தன. நகையைக் கழற்றுவதும் ஒரு விடுதலைதான். ஆனால் எந்த நகை, யார் மாட்டிய நகை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது கிழக்கே. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியினர் 8 தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியங்களும் ஆடுமாடுகளும் பறிபோயின. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் 11 ஆயின. செம்பு, பித்தளைக் குடத்தில் பெண்கள் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பதும், பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அப்போது சேர்ந்தன.

இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள். நகை, நல்ல துணி, தைத்த ரவிக்கை, பூ, மஞ்சள், செருப்பு, குடை, பளபளக்கும் குடம். வசதியான தோற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஒருவர் யோசித்து எழுதிய குறிப்புபோல இருக்கிறது. தடை போட்டவர்களுக்குத் தோற்றத்தின் இலக்கணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பெண்களுக்கென்று தனியாகச் சொன்ன பூவையும் மஞ்சளையும் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஆதிக்கச் சாதி வீடுகளுக்குள்ளேயே கணவனை இழந்த பெண்ணிடம் பறிக்கப்பட்டவையும் இவைதாம். பக்கத்துச் சேரிப் பெண்ணுக்கு மறுத்ததைத் தன் வீட்டுக் கைம்பெண்ணுக்கும் மறுத்த ஒரே கை அது. சாதியும் ஆணாதிக்கமும் வேறு வேறு வாசல்கள் வழியாக வந்து ஒரே அலமாரியைப் பூட்டின.

அதே காலத்தில்தான் எளிமை ஓர் அறமாகவும் ஆயிற்று. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையையும் நீள வேட்டியையும் துறந்து முழத்துண்டுக்கு மாறினார். அரிசன நிதிக்காக 1934இல் தமிழ்நாட்டில் சுற்றியபோது கூட்டங்களில் பெண்களிடம் நகைகளைக் கேட்டு வாங்கினார். வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்களைத் தேசம் போற்றியது. அதற்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் பக்கத்து மாவட்டத்தில் வளையல் போட்டதற்காகக் குடிசை எரிந்திருக்கிறது. இருப்பவள் கழற்றினால் தியாகம், இல்லாதவள் போட்டால் திமிர். பெரியாரும் நகை வேண்டாம் என்றார். பெண்ணை நகை மாட்டும் ஸ்டாண்டு ஆக்காதீர்கள், முடியை வெட்டிக்கொள்ளுங்கள், ஆண்போல உடுத்துங்கள் என்ற திசையில் அவர் பேசினார். நகையும் சேலையும் பெண்ணைப் பொம்மையாக்குகின்றன என்பது அவர் வாதம், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் துறப்பதற்கு முன்னால் உடைமை வேண்டும். பூட்டிய அலமாரியின் முன் நிற்பவளிடம் போய் எளிமையைப் பற்றிப் பேச முடியாது.

அந்த அலமாரியை உழைக்கும் பெண்கள் வேறு வழியில் திறந்தார்கள். போலியே அவர்களுக்குச் சாவியாயிற்று. திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளப்பட்டியில் செயற்கைப் பட்டு நூலில் நெய்த சேலைகள் வந்தன. காஞ்சிப் பட்டு வாங்க முடியாதவர்கள் கல்யாணத்துக்குச் சின்னாளப்பட்டு கட்டினார்கள். பிறகு கசங்காத, சாயம் போகாத நைலெக்ஸும் பூனமும் வந்தன. 1963இல் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்து, புது நகை 14 காரட்டுக்கு மேல் கூடாது என்றார். 1968இல் அது தனிச் சட்டமாகி 1990 வரை இருந்தது. தங்கம் எட்டாதவர்களுக்குச் சிதம்பரம் கவரிங் இருந்தது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போகும் கூட்டத்தில் எது பவுன், எது கவரிங் என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. 1859இன் பிரகடனம் எதற்கு அஞ்சியதோ அந்தக் குழப்பத்தை ஒரு கவரிங் சங்கிலி நிகழ்த்திக் காட்டியது. “பவிசைப் பாரு” என்ற பொருமல் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் கூட்டத்துப் பெண்களில் பலரை மற்ற நாட்களில் வேறு கோலத்தில் பார்க்கலாம். விடியுமுன் பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் பக்கத்திலிருந்து ஜீப்புகள் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பும். சேலைக்கு மேல் ஆணின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. குளிருக்கும் அட்டைக்கும் முள்ளுக்கும் அந்தச் சட்டைதான் கவசம். 1930இல் தடை செய்யப்பட்ட பொருள் ஒன்று இங்கே வேலை உடுப்பாக வந்து நிற்கிறது. நாளெல்லாம் குனிந்து ஏலக்காய் எடுத்தவள் திருவிழாவுக்கு ஜரிகை மின்னும் சேலை கட்டினால் அதில் நாசூக்குக் குறைவு என்று எப்படிச் சொல்வது? அவளுடைய மற்ற நாட்களின் நிறம் ஏற்கெனவே மங்கலாகத்தான் இருக்கிறது.

நாசூக்குக்கு ஆசைப்பட்ட பெண்ணை நம் சினிமா என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1977இல் வந்த ‘16 வயதினிலே’ இயக்குநர் பாரதிராஜா தேனி அல்லிநகரத்துக்காரர், இசையமைத்தவர் பண்ணைப்புரத்துக்காரர். படித்த, நாகரிகமான மாப்பிள்ளை வேண்டும் என்று கனவு காணும் மயிலைப் பட்டணத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவர் ஏமாற்றுகிறார். கதை ஏமாற்றியவனைவிட அவள் ஆசையையே அதிகம் திருத்துகிறது. அழகான படம் அது. மேனாமினுக்கிக்குச் சொல்லப்பட்ட பழைய புத்திமதியும் அதற்குள் இருக்கிறது.

இன்று பெண்களின் தோற்றத்தை மிகக் கறாராக நிர்ணயிக்கும் இடங்களில் ஒன்று துணிக்கடை. பட்டுச் சேலைகளை விரித்துக்காட்டும் பெண்கள் சீருடைச் சேலையில், ஒரே மாதிரிக் கொண்டையில், சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். மணிக்கணக்காக நிற்பார்கள், உட்கார இருக்கை இருக்காது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அதே உரிமையைத் தந்தது. எடுப்பாகத் தெரியும் ஒரு பெண்ணின் கால் வலிக்கிறது என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்வதற்கு அத்தனை காலம் ஆயிற்று.

அதனால்தான் என் வகுப்புப் பெண்களுக்கு நகையைக் குறை, நிறத்தை அடக்கு என்று நான் சொல்வதில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண் விழா நாளில் கவரிங் ஆரமும் மின்னும் சேலையுமாக வந்து நின்றால், “ஓவரா இருக்கே” என்று யாராவது முணுமுணுப்பார்கள். எளிய பருத்தியில் வரும் பெண்ணை ரசனை உள்ளவள் என்பார்கள். அந்தப் பருத்தியைத் தேர்ந்தெடுக்க அவள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டு இருந்திருக்கும். வேண்டுமென்றால் இவளும் ஒருநாள் பருத்திக்கு வரட்டும். அது அவளாகக் கழற்றியதாக இருக்க வேண்டும், இன்னொரு பட்டியலைப் படித்துவிட்டுக் கழற்றியதாக இருக்கக் கூடாது. அதுவரைக்கும் அவள் மினுக்கட்டும்.