மின்னஞ்சல் கருவி விளக்கங்களின் வரலாறு: அஞ்சல் குறியீட்டு எண் முதல் செயற்கை நுண்ணறிவு முகவர் வரை

மின்னஞ்சல் கருவி விளக்கம் என்பது, அஞ்சல்களைத் தேடுதல், வகைப்படுத்துதல், அனுப்புதல், நீக்குதல் முதலிய பணிகளை எவ்வாறு செய்யவேண்டும் என்று கூறும் எழுத்துக் குறிப்பாகும். செயற்கை நுண்ணறிவு முகவர்கள் மனிதர் சார்பில் அஞ்சல் பெட்டியைக் கையாளத் தொடங்கிய பின் இது தனித்துறையாக வளர்ந்துவருகிறது. எனினும், அஞ்சலைக் கையாள்பவருக்குத் தெளிவான குறிப்பு தரவேண்டும் என்ற தேவை கணினிக்கு முந்தியது.

தருமபுரியும் அஞ்சல் குறியீட்டு எண்ணும்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இதை வகுத்தவர் சிறீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதாலும், முகவரிகள் பல மொழிகளில் எழுதப்படுவதாலும் ஏற்பட்ட குழப்பத்தை நீக்குவதே இதன் நோக்கம்.

தருமபுரி நகரின் எண் 636701. முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் பிரிக்கப்படும் வட்டாரத்தையும், கடைசி மூன்று அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. பாலக்கோடு 636808, பென்னாகரம் 636810, அரூர் 636903 ஆகியவற்றின் முதல் மூன்று இலக்கங்கள் சேலத்திற்கும் உரியவை. அதே மாவட்டத்திலுள்ள காரிமங்கலத்தின் எண்ணோ 635111. வருவாய் எல்லையை அல்ல, கடிதம் செல்லும் வழியையே இவ்வெண் விவரிக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத ஊழியரும் தருமபுரிக் கடிதத்தைச் சரியான பையில் இட இது போதுமானது.

மின்னஞ்சல் நெறிமுறைகள்

1971இல் ரே டாம்லின்சன் அர்ப்பாநெட் வலையமைப்பில் இரு கணினிகளுக்கிடையே மின்னஞ்சல் அனுப்பினார். 1982இல் அஞ்சலை அனுப்பும் முறையான எஸ்எம்டிபியை ஜான் போஸ்டலும், அஞ்சலின் தலைப்புப் பகுதிக்கான வடிவத்தை டேவிட் குரோக்கரும் ஆவணப்படுத்தினர். 1986இல் மார்க் கிறிஸ்பின் உருவாக்கிய ஐமேப், அஞ்சல்களை வழங்கியிலேயே வைத்துக் கையாள வழி செய்தது. ஐமேப்பில் நீக்குதல் இரு படிகளில் நிகழ்கிறது. முதலில் அஞ்சலுக்கு நீக்கற்குறி இடப்படும். தனிக் கட்டளை தந்த பின்னரே அது அழியும். முதற்படியில் நேர்ந்த பிழையைத் திருத்த இதனால் இடமுண்டு.

2001இல் வெளியான சீவ் மொழி, அஞ்சல்களைத் தாமாகவே பிரிக்கும் விதிகளை எழுத உதவியது. இந்த ஆவணங்களைப் படித்தவர்கள் நிரலாளர்கள். ஐயம் எழுந்தால் அவர்கள் பிறரிடம் கேட்டோ சோதித்தோ தெளிவு பெற்றனர்.

தமிழ் அஞ்சல்கள்

1990களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தம் குறியாக்கத்தைப் பின்பற்றின. ஒருவர் அனுப்பிய அஞ்சல் மற்றொருவரின் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தாப், தாம் குறியாக்கங்கள் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. மின்னஞ்சல் முகவரியிலேயே தமிழ் எழுத்துகளைப் பயன்படுத்துவதற்கான இணைய நெறிமுறைகள் 2012இல் வெளிவந்தன. பழைய குறியாக்கத்தில் சேமித்த அஞ்சலில் "பட்டா" என்ற சொல்லை ஒருங்குறியில் தேடினால் கிடைக்காது. கருவியின் விளக்கத்தில் இவ்வரம்பு கூறப்படாவிட்டால், அஞ்சலே வரவில்லை என்று முகவர் முடிவு செய்துவிடும்.

முகவர்களுக்கான விளக்கங்கள்

2023 சூனில் ஓப்பன்ஏஐ, கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகள் ஆகியவற்றை மொழி மாதிரிக்கு அளிக்கும் முறையை வெளியிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபி என்ற பொது நெறிமுறையை அறிமுகம் செய்தது. 2008 முதல் மின்னஞ்சல் சேவை நடத்திவரும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம் 2025இல் தன் எம்சிபி வழங்கியை அறிவித்தது.

இங்கு விளக்கத்தைப் படிப்பது மொழி மாதிரியே. படித்தவுடன் செயல்படுவதும் அதுவே. "அஞ்சலை நீக்கும்" என்று மட்டும் எழுதினால், அஞ்சல் குப்பைத்தொட்டிக்குச் செல்லுமா, நிலையாக அழியுமா என்பது அதற்குத் தெரியாது. எனவே, என்ன விடை கிடைக்கும், ஒரே முறையில் எத்தனை அஞ்சல்கள் பாதிக்கப்படும், அனுப்புமுன் உரியவரின் ஒப்புதல் தேவையா என்பவற்றையும் நல்ல விளக்கம் குறிப்பிடும். 2025 மார்ச்சில் வெளியான எம்சிபி பதிப்பு, ஒரு கருவி படிக்க மட்டுமே உரியதா, அழிக்கக்கூடியதா என்று குறிக்கும் வசதியைச் சேர்த்தது. இவை குறிப்புகள் மட்டுமே; தடைகள் அல்ல.

உறைக்குள் இருக்கும் ஆபத்து

அஞ்சல் ஊழியர் உறையின் மேலுள்ளதை மட்டுமே படிக்கிறார். 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் நிலையச் சட்டம், ஊழியர் தம் கடமைக்கு மாறாகக் கடிதத்தைப் பிரிப்பதைக் குற்றமாக்கியது. முகவரோ உள்ளடக்கத்தைப் படித்தே வேலை செய்கிறது. அஞ்சலில் மறைத்து எழுதிய வாசகத்தை அது உரிமையாளரின் கட்டளையாகக் கொள்ளக்கூடும். 2025 சூனில் வெளிப்பட்ட எக்கோலீக் குறைபாடு இதற்குச் சான்றாகும். பெறுநர் எதையும் சொடுக்காமலேயே, ஒரே மின்னஞ்சல் வழியாக மைக்ரோசாப்ட் கோபைலட்டிலிருந்து தகவல்களைக் கசியச்செய்ய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினர். நிறுவனம் அதைச் சரிசெய்தது.

ஆகவே, அஞ்சலின் உள்ளடக்கம் கட்டளையல்ல, தரவு மட்டுமே என்று விளக்கத்தில் எழுதுவது தேவை. ஆனால் அது மட்டும் போதாது. படிக்கும் உரிமையையும் அனுப்பும் உரிமையையும் தனித்தனியாக வழங்குவதே உறுதியான காப்பாகும்.