இதயத்தின் பக்கவழிக் குழாய்கள்

கரோனரி தமனிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள். மருத்துவர்கள் பேச்சில் ‘கொலாட்டரல்’. ஒரு தமனியில் கொழுப்புப் படிந்து அடைப்பு ஏற்படும்போது, அடைப்புக்கு அப்பால் உள்ள தசைக்கு இவை வழியாக வேறு தமனியின் இரத்தம் போய்ச் சேர்கிறது. முக்கியத் தமனி ஒன்று முழுதாக அடைபட்டும் இதயத் தசையில் பெரிய சேதமின்றிச் சிலர் நடமாடுவது இவற்றால்தான்.

ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் லோயர் 1669லேயே இந்த இணைப்பைக் குறிப்பிட்டார்: ஒரு கரோனரி தமனியில் செலுத்திய திரவம் மற்றதிலும் பரவியது. ஆனால் 1881இல் ஜெர்மன் நோயியலாளர் யூலியஸ் கோன்ஹைம் நாய்களின் கரோனரி தமனியைக் கட்டியபோது சில நிமிடங்களில் இதயம் நின்றது. கரோனரி தமனிகள் கிளை சேராத ‘முடிவுத் தமனிகள்’ என்று அவர் தீர்ப்பளித்தார். சோதனையில் பிழையில்லை, அதிலிருந்து பெற்ற முடிவில்தான் பிழை. அவர் பார்த்தது நொடியில் விழுந்த அடைப்பு. நோயாளியின் தமனியோ ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்குகிறது. அந்தக் கால அவகாசம்தான் இந்தக் குழாய்களின் கதை முழுவதும்.

1912இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கரோனரி தமனி திடீரென அடைபட்டாலும் உடனே மரணம் நிச்சயமில்லை என்று எழுதி, தமனிகளுக்கிடையிலான இணைப்புகளையும் காரணமாகச் சொன்னார். பாஸ்டனில் மன்றோ ஷ்லெசிங்கர் 1938இல், இறந்தவர்களின் இதயத் தமனிகளில் நிறமூட்டிய கலவையைச் செலுத்தி, நோயுற்ற இதயங்களில் பெரிய இணைப்புகள் இருப்பதைக் காட்டினார். நோயில்லாத இதயங்களிலும் அவை பிறவியிலேயே நுண்ணிதாக உள்ளன என்பதை 1960களில் கிளாஸ்கோவின் வில்லியம் ஃபுல்டன் எக்ஸ்ரே படங்களால் நிறுவினார்.

இதற்கிடையே அறுவை மருத்துவர்கள் பக்கவழியைத் தாங்களே உண்டாக்க முனைந்தனர். கிளீவ்லாந்தில் கிளாட் பெக் 1935இல் மார்புத் தசையை இதயத்தோடு ஒட்டித் தைத்தார். மாண்ட்ரியாலில் ஆர்தர் வைன்பெர்க் 1950இல் மார்பின் உள்தமனியை வெட்டி, இரத்தம் கசியும் முனையை இதயத் தசைக்குள்ளேயே புதைத்தார். பலரும் நம்ப மறுத்தார்கள். 1962இல் மேசன் சோன்ஸ் எடுத்த ஆஞ்சியோகிராம், அந்தத் தமனி கரோனரி கிளைகளோடு இணைந்திருந்ததைக் காட்டியது.

எல்லா முயற்சிக்கும் அந்த மதிப்பு கிடைக்கவில்லை. மார்பின் உள்தமனியைக் கட்டிவிட்டால் இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் என்ற நம்பிக்கையில் 1950களில் ஓர் அறுவை பரவியது. நோயாளிகள் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். 1959இல் லியனர்ட் காப் குழு 17 பேரில் 8 பேருக்குத் தமனியைக் கட்டியது. மற்ற 9 பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தது. இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் வலி குறைந்தது. அறுவை கைவிடப்பட்டது. மருத்துவ வரலாற்றின் மிக நேர்மையான சோதனைகளில் ஒன்று அது.

குழாய் எப்படிப் பருக்கிறது என்பதை விளக்கியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஷாப்பர். அடைப்புக்கு அப்பால் அழுத்தம் விழும். அதனால் இணைப்புகளில் ஓட்டம் விரையும். அந்த உராய்வு உட்சுவரைத் தூண்ட, வெள்ளணுக்கள் அங்கே ஒட்டி வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கும். தசைச் செல்கள் பெருகிக் குழாய் அகலும். இதற்கு வாரங்கள் தேவை.

1977இல் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக் தொடங்கிய, சுருங்கிய தமனியைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை, உயிருள்ள மனிதரிடமே பக்கவழி ஓட்டத்தை அளக்க வழி திறந்தது. பலூன் தமனியை அடைக்கும் அந்தச் சிறு பொழுதில் அதற்கு அப்பால் எஞ்சும் அழுத்தமே பக்கவழியின் வலிமை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கிறிஸ்டியன் ஸெய்லர் குழு இம்முறையை வளர்த்தது. வழக்கமான ஓட்டத்தில் கால் பங்கு கிடைத்தாலே ஓய்வில் இருக்கும் தசை பெரும்பாலும் தாங்குகிறது; நடக்கும்போதும் படியேறும்போதும் அது போதாமல் நெஞ்சு வலிக்கிறது. 12 ஆய்வுகளின் 6,529 நோயாளிகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஆய்வில், பக்கவழி நன்கு வளர்ந்தவர்களிடம் இறப்பு அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

வளர்ச்சிப் புரதங்களைச் செலுத்திப் பார்த்த பெரிய சோதனைகள் 2000களின் தொடக்கத்தில் ஏமாற்றின. உடற்பயிற்சி அவ்வளவு ஏமாற்றவில்லை. நெஞ்சுவலியை முதலில் தெளிவாக விவரித்த வில்லியம் ஹெபர்டனின் குறிப்புகளில், தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறைய நலமடைந்த ஒருவர் வருகிறார். 2016இல் வெளியான ஜெர்மன் ஆய்வு, நான்கு வாரக் கண்காணிப்புப் பயிற்சிக்குப் பின் பக்கவழி ஓட்டம் கூடியதை அளந்து காட்டியது. ஜப்பானிய மருத்துவர்களோ 2000களில் இந்தக் குழாய்களையே பாதையாக்கினார்கள்: முன்பக்கமாகத் துளைக்க முடியாத பழைய அடைப்புக்கு, பக்கவழியே கம்பியைச் செலுத்திப் பின்பக்கமாகப் போய்த் திறக்கும் முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது.